ஒரே சொல்லில் எழுதுக

அத்தியாயம் 9

"குத்தம் கண்டுபுடிக்கறது உனக்குப் புடிக்குமா, மறைக்கறது புடிக்குமா?"

ஏழு வருஷத்துக்கு முன்னால், வீரபாண்டியில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்குள் சுபஸ்ரீ முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது சூப்பர்வைசர் மருதாசலம் கேட்ட கேள்வி அது. பத்தாம் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்த பதினாறு வயதுப் பெண். அவள் பதில் சொல்லவில்லை. தரையில் கிடந்த நூல் பிசிறுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, டியூப் லைட்டுக்குக் கீழே ஓர் இடமும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் உள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்.

அன்றிலிருந்து செக்கிங் வேலைதான். பனியனில் எண்ணெய்க் கறை, ஓட்டை, தையல் விட்டுப்போன இடம் எது கண்ணில் பட்டாலும் அங்கே ஓர் அம்பு ஒட்ட வேண்டும். சரிசெய்யவே முடியாது என்றால் அதற்குப் பெயர் டேமேஜ். சரிசெய்யலாம் என்றால் அதற்குப் பெயர் ஆல்டர். ஆல்டர் பீஸ் தைத்த டெய்லருக்கே திரும்பிப் போகும். அம்பைப் பார்த்தவுடன் தான் செய்த தப்பு அவருக்கே தெரிந்துவிடும். யாரும் யாருக்கும் எழுதி விளக்குவதில்லை.

சுபஸ்ரீக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. பேசாமல் ஒரு விஷயத்தைச் சொல்ல முடிகிற வேலை உலகத்தில் எத்தனை இருக்கிறது?

போன புதன்கிழமை தம்பி அருள்செல்வன் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அவள் அந்தப் பழக்கத்தில்தான் அதை நிரப்பினாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அருள்செல்வன் பெருமாநல்லூர் தாண்டி, பாதிரியார்கள் நடத்தும் கத்தோலிக்கக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் வருஷம். அங்கே மாணவர்களுக்கென்று 'சகோதர வட்டம்' என்று ஒன்று உண்டு. கிறிஸ்தவப் பையன்கள் பாதி, மற்றவர்கள் பாதி. அதன் தலைவருக்குத் தலைவர் என்று பெயரில்லை, 'அண்ணன்' என்று பெயர். தேர்தலும் கிடையாது. அண்ணனாக வர நினைக்கிறவனை ஒரு வருஷம் வேலை வாங்கிப் பார்ப்பார்கள். கூட்டம் முடிந்ததும் டீ டம்ளர்களை அவன்தான் கழுவ வேண்டும். எல்லாரும் பேசிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஒரு வேலையை மூன்று தடவை தன் கையால் செய்து முடிக்காமல், கீழே இருக்கும் ஐந்து ஜூனியர்களிடம் அதைச் சொல்லக்கூடாது. கடைசியாக, வீட்டில் ஒருவர் அவனைப் பற்றி எழுதித்தர வேண்டும். ஒட்டிய கவரில், அவன் கண்ணில் படாமல்.

தாளில் மூன்றே கேள்விகள். கேட்காமலே அவர் வீட்டில் செய்யும் வேலை என்ன? செய்யாமல் விட்ட வேலை என்ன? அவரைப் பற்றி உங்கள் முடிவை ஒரே சொல்லில் எழுதுக.

முதல் கேள்விக்கு, தண்ணீர் வரும் நாளில் குடம் பிடிப்பான் என்று எழுதினாள். இரண்டாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. எழுத வேண்டியது என்ன என்று தெரியும், எழுதக் கைதான் வரவில்லை. கோடு போட்ட அந்த வெற்றிடத்தில், கைப்பையில் இருந்த சிவப்பு அம்பு ஒன்றை எடுத்து ஒட்டினாள். மூன்றாவது கேள்விக்கு, ஆல்டர் என்று எழுதிக் கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. வட்டத்தை நடத்தும் ஃபாதர் அந்தோணிராஜ், நாலு மணிக்கு வீட்டுக்கு வருவதாகக் காலையில் போன் செய்திருந்தார். வீட்டில் எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம்.

அம்மா கலைமகளுக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வருகிறவருக்கு டீயா காபியா, பாயா நாற்காலியா, சுவரில் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் அவரை உட்கார வைக்கலாமா கூடாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முருகனைப் பார்க்காதவரா என்று அப்பா செந்தில்வேல் சொல்லிவிட்டு, சவரம் செய்யப் போனார். கட்டிங் மாஸ்டர் அவர். பையன் அண்ணன் ஆகப்போகிறான் என்று கட்டிங் டேபிள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை நாலு மணிக்குக் கல்லூரியில் பெயர் சொல்லும் கூட்டம். அதற்காக அரைநாள் லீவும் கேட்டு வைத்திருந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர அவர் லீவு கேட்டதில்லை.

அருள்செல்வன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நல்லாத்தானே எழுதுனே?"

"எழுதுனேன்."

"நாளையிலிருந்து நான் அண்ணன். நீயும் அண்ணான்னுதான் கூப்படோணும்."

"கூப்படறேன். மொதல்ல சாப்பிட்ட தட்டக் கழுவு."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், சனிக்கிழமை.

வட்டத்துப் பையன்கள் சனிக்கிழமைதோறும் வீரபாண்டியில் ஒரு தகர ஷெட்டில் பாடம் சொல்லித்தருகிறார்கள். கம்பெனிகளில் வேலை செய்யும் வடநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும். அந்த வகுப்புக்குப் பொறுப்பு அருள்செல்வன். ஷெட் சுபஸ்ரீயின் கம்பெனிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும்போது, தம்பி கரும்பலகைக்கு முன்னால் நிற்பதை வேலி வழியாக ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். யாரிடமும் சொன்னதில்லை. வாரத்தில் அவளுக்கு அது ஒரு சந்தோஷம்.

மூன்று வாரமாக அவன் அங்கே இல்லை. பிரதீப் என்கிற ஜூனியர் பையன் ஒருவனே முப்பது பிள்ளைகளோடு தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரமான நேற்று, வேலி ஓரமாக நின்ற ஒரு சின்னப் பெண் இவளைப் பார்த்து, "பையா நஹீ ஆயா?" என்று கேட்டது. பையா என்றால் அண்ணன் என்கிற அளவுக்குச் சுபஸ்ரீக்கு இந்தி தெரியும். அண்ணன் வரவில்லையா?

நேற்று ராத்திரி சாப்பிடும்போது, வகுப்பு எப்படி இருந்தது என்று அப்பா கேட்டார். சூப்பருங்கப்பா என்றான் அருள்செல்வன்.

நாலு மணிக்குச் சொன்னபடி ஸ்கூட்டர் வந்து நின்றது. ஃபாதர் அந்தோணிராஜ் நாற்பது வயதுக்காரர், தூத்துக்குடிப் பக்கம். திருப்பூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். முருகன் படத்தை நிமிர்ந்து பார்த்து, எந்த ஊர்க் கோயில் என்று விசாரித்தார். அம்மாவுக்குப் பாதிப் பயம் போயிற்று.

டீ குடித்து முடித்ததும் தோள்பையிலிருந்து கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றுதான் ஆரம்பித்தார். இந்த வட்டத்தில் யாரையும் மதம் மாற்றுவதில்லை, மாறச் சொல்வதும் இல்லை, அதை முதலில் வீட்டார் நம்ப வேண்டும் என்றார். அருள்செல்வன் அவரிடம் அப்படி எதையும் பேசியது கிடையாது. ஆனால் வீட்டில் ஒருவருக்கு அவன் மனசு தெரிந்திருக்கிறது, அதனால்தான் நேரில் வந்தேன் என்றார்.

அப்பா ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

"உங்க மக கடைசிக் கேள்விக்கு 'ஆல்டர்'னு எழுதியிருக்காம்மா," என்றார் ஃபாதர். "எங்க கோயில்ல பூசை வைக்கிற பீடம். அதுக்கு மேல ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கு, வானத்தைப் பாத்து. நான் ரெண்டு நாளா யோசிச்சேன். தம்பி சாமியாராப் போகணும்னு நினைக்கானோ?"

அப்பா தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். 

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவளுடைய கொங்குப் பேச்சுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிக்கொண்டே போகும்.

"ஏனுங்க சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எங்க ஊட்டுக்கு வந்திருக்கறீங்க, நல்லா இருங்க. ஆனா இவனை முருகனுக்குக் காவடி எடுத்துப் பெத்தேனுங்க. அருள்செல்வன்னு முருகன் பேரத்தானுங்க வெச்சோம். அதையே சொந்தக்காரங்க, இது கிறிஸ்டீன் பேராட்ட இருக்குது, காலேஜும் அப்புடி, பையன் ஒருநாள் அங்கயே தங்கிருவான்னு வாயில போட்டு மெல்றாங்க. நான் இவனைச் சாமி சாமின்னு கூப்படறது கொஞ்சறதுக்குங்க. குடுக்கறதுக்கில்லீங்க."

"அம்மா, நான் அப்படியெல்லாம் எதுவும்..." என்று அருள்செல்வன் ஆரம்பித்தான்.

"நீ பேசாத. அவளைக் கேளு. ஏண்டி, என்ன எழுதுனே?"

எல்லார் கண்ணும் சமையலறை நிலைப்படியில் நின்ற சுபஸ்ரீயின் மேல் விழுந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே சமயத்தில் அவள் வாயைப் பார்த்ததில்லை.

"ஆல்டருங்க," என்றாள்.

"அதத்தான் கேக்கறோம்."

"கோயில் ஆல்டர் இல்லீங்க. கம்பெனி ஆல்டர்."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது அப்பாவுக்குத்தான். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு பொத்தியும் அடங்காமல் சத்தம் போட்டே சிரிக்க ஆரம்பித்தார். ஃபாதர் விழித்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு விளக்கினார். தையல் கோணலாக வந்த பனியன், மறுபடியும் டெய்லருக்குத் திரும்பிப் போகிறது பாருங்கள், அதற்கு எங்கள் திருப்பூரில் ஆல்டர் என்று பெயர். அம்பு வானத்துக்கு இல்லை, அந்தக் கோணலுக்கு.

ஃபாதரும் சிரித்துவிட்டார். ரெண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டாயே அம்மா என்றார். பிஷப் ஹவுஸுக்குப் போன் பண்ணலாமா என்றுகூட நினைத்தாராம். அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தவுடன், டீ இன்னொரு டம்ளர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அருள்செல்வன் மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனியில் சித்திரை லீவில் டெய்லருக்கு உதவியாகக் கைமடி வேலை பார்த்தவன் அவன். அந்தச் சொல் என்னவென்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஃபாதர் தாளை விரித்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

"சரிம்மா. அப்ப எங்க தையல் விட்டிருக்கு? ரெண்டாவது கேள்விக்கு அம்பு மட்டும்தானே இருக்கு."

சுபஸ்ரீ தம்பியைப் பார்த்தாள். அவன் மிக லேசாகத் தலையை அசைத்தான். வேண்டாம் என்று. சின்ன வயதில் அம்மாவின் ஜாடியை உடைத்துவிட்டு அவளைப் பார்த்து அப்படித்தான் அசைப்பான். அவளும் பேசாமல் இருந்திருக்கிறாள். பேசாமல் இருப்பது அவளுக்குச் சுலபம். இப்போதும் ஒரு வார்த்தை, கோபக்காரன் என்றோ சோம்பேறி என்றோ சொன்னால் போதும். ஃபாதர் எழுந்து போய்விடுவார். நாளைக்கு அப்பா அரைநாள் லீவு போட்டு, தேய்த்த சட்டையோடு முதல் வரிசையில் உட்காருவார்.

அவள் வேலியோரம் நின்ற அந்தச் சின்னப் பெண்ணை நினைத்துக்கொண்டாள்.

"மூணு சனிக்கிழமையா இவன் ஷெட்டுக்குப் போகலீங்க. பிரதீப்புன்னு ஒரு தம்பிதான் தனியா நிக்கறான். நான் பாத்தேனுங்க."

சொல்லி முடித்தபோது அவள் கை நிலைக்காலை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஃபாதர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். சனிக்கிழமை வகுப்பு நோட்டு அது. மூன்று வாரமும் பிரதீப்பின் கையெழுத்தில் 'அருள்செல்வன் அண்ணன் வந்தார், பாடம் எடுத்தார்' என்று எழுதியிருந்தது. அதைத் திருப்பி அருள்செல்வனிடம் காட்டினார்.

"பிரதீப் பொய் எழுதியிருக்கானா, அக்கா பொய் சொல்லுதாங்களா?"

அருள்செல்வன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தான் எழுதச் சொன்னேன் ஃபாதர். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். அவன் மேல தப்பில்லை."

அப்பா துண்டை மடித்தார். மடித்ததை விரித்து மறுபடியும் மடித்தார். அம்மா, யாராவது ஏதாவது சொல்லி இதைச் சரிசெய்துவிட மாட்டார்களா என்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ஃபாதரின் குரல் உயரவில்லை. வட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். வீட்டுத் தாளில் குறை வந்தால் அதை மற்றவர் யாரும் படிக்க மாட்டார்கள். யாருடையதோ அவன்தான் கூட்டத்தில் நின்று படிக்க வேண்டும். படித்த பிறகு இவன் அண்ணனாக இருக்கலாமா என்று அந்த ஐந்து ஜூனியர்களைத்தான் கேட்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள், வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். போன வருஷத்து அண்ணனே அப்படி நின்று படித்தவன்தான். படிக்க வராதவன் பெயர் அதோடு விட்டுப்போகும், அவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

பிறகு தாளையும் பேனாவையும் அருள்செல்வனுக்கு முன்னால் வைத்தார்.

"ரெண்டாவது கேள்விக்கு நீயே எழுது. நாளைக்கு நாலு மணிக்கு நீயே படி. ஏன் போகலைங்கிறதையும் சேத்து எழுது. அது தெரியாம உன் ஜூனியர்ஸ் எப்படி முடிவு பண்ணுவாங்க?"

அவன் பேனாவைத் தொடவில்லை.

அப்பா முதல் தடவையாக அவனைப் பார்த்துப் பேசினார். "எழுது. கிரவுண்டுக்குக் கிரிக்கெட் ஆடப் போனியா, ஊட்டுல படுத்துத் தூங்குனியா, எதுவோ அதை எழுது. அதுல என்ன வெக்கம்?"

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பையனுக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"ஊட்டுல எங்க தூங்குனான்? நீங்க பாட்டுக்குச் சொல்லாதீங்க. சனிக்கெழமை நாலு மணிக்கு வண்டிய எடுத்தான்னா ஏழரைக்குத்தான் வருவான். கிரவுண்டுக்கும் போகலீங்க, போனாத் துணியெல்லாம் மண்ணா இருக்காதா? துவைக்கறது நாந்தானே. போன வாரம் அந்த நல்ல சட்டைய, இதா இந்த வெள்ளைச் சட்டையத்தான் போட்டுட்டுப் போனான்."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, என்ன சொல்லிவிட்டோம் என்பது பாதியில்தான் உறைத்தது.

சுபஸ்ரீக்கும் இது புதிது. நண்பர்களோடு சுற்றுகிறான், சோம்பல், வயசுக் கொழுப்பு என்றுதான் மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நூல் விட்டிருக்கிறது, இழுத்துத் தைத்தால் போதும் என்றுதான் அம்பு ஒட்டினாள். ஷெட்டிலும் இல்லை, கிரவுண்டிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றரை மணி நேரம்.

"அப்ப எங்கடா போனே?" என்றார் அப்பா.

அருள்செல்வன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அதில் கோபம் இல்லை. ஏதோ ஒன்றை இவளிடமாவது சொல்லியிருக்கலாமோ என்று யோசிக்கிறவன் பார்க்கும் பார்வை அது. அவள் நிலைப்படியை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தம்பி," என்றாள்.

அவன் எழுந்தான். ஃபாதரைப் பார்த்து ஒரு தடவை கை கூப்பினான். தேய்த்து மடித்து வைத்திருந்த சட்டையைத் தாண்டி, பழைய பனியனோடேயே வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா, விடு என்பதுபோலக் கையைக் காட்டினார். வண்டிச் சாவி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. கேட்டைத் திறந்து, திரும்பிச் சாத்திவிட்டு, பஸ் ஸ்டாப் இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக நடந்தே போய்விட்டான்.